தகரக்கூரைமேல் கங்கம்மா

ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரத்தின்மேல் சுத்தி விழும் சத்தம் கேட்டதுமே அது தன் புருஷன் கைதான் என்று கங்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் ஆணி அடித்தால் அடி அவசர அவசரமாக விழும். தசரதன் முதலில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி ஆணியை நிறுத்துவான். அப்புறம் ஓங்கி ஒரே அடி. ஆணி தலைவரைக்கும் இறங்கிவிடும். சத்தம் மூன்றாவது வரிசையின் கோடியிலிருந்து, மரியகுழந்தை வீட்டுக் கூரையிலிருந்து வந்தது.

கங்கம்மா அப்போது தன் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்கீல் ஆட்டம் கண்டு கதவு ஒருபக்கம் தொங்கிப்போய்த் தரையில் உரசியது. அது உரசி உரசி வாசற்படிக்கு உள்ளே மண்தரையில் அரைவட்டமாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

குடியாத்தத்துக்குப் பக்கத்திலிருந்து, கலியாணமான கையோடு தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். ஊரிகத்தில், சுரங்க ஆட்களுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய லைனில், மூங்கில் தட்டிச் சுவரும் தகரக்கூரையுமாக ஒரு வீடு கிடைத்தது. தசரதனுக்குச் சுரங்கத்துக்குள்ளே மரமுட்டு நிறுத்தும் வேலை. மேலே இருக்கிற பாறை ஆள்மேல் விழாதபடி, கட்டையை அளந்து அறுத்து இறுக்கி நிறுத்தவேண்டும். தசரதன் வைத்த முட்டு அசையாது என்று ஷிப்டில் அவனுக்குப் பேர். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் கதவு உரசியது. கூரையில் அங்கங்கே பொத்தல். மழை வந்தால் சட்டியும் குண்டானும் வைத்துத் தண்ணீர் பிடிக்கவேண்டும். கலியாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லாத வீட்டில், அந்தச் சட்டிகளுக்கு நடுவே புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு மூலையில் ஒடுங்கிப் படுப்பார்கள்.

மரியகுழந்தைக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். அவள் புருஷன் சவரிமுத்து ஒற்றைமாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவன். பிளேக் வந்த வருஷம் செத்துப்போனான். கைக்குழந்தையோடு அவள் திருப்பத்தூருக்குத் தாய்வீட்டைத் தேடிப் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. மாட்டை அவிழ்த்துத் தானே வண்டியில் பூட்டினாள். பொம்பளை வண்டி ஓட்டுவதா என்று வாயைப் பிளந்த ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரர்கள், தண்ணீர் வேளைக்கு வந்து சேர்ந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு முதலில் மெச்சியவளே கங்கம்மாதான். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கூடக் கொடுத்திருக்கிறாள். ஆனால் நாலைந்து மாதமாகத் தசரதன் ஞாயிறு தவறாமல் சுத்தியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வயிற்றில் நெருப்பு. ஒரு வாரம் கூரை. ஒரு வாரம் கதவு. ஒரு வாரம் வண்டிச் சக்கரம். சக்கரத்துக்கு மை போட்டுவிட்டு வரும் நாளில் அவன் வேட்டியெல்லாம் கறுப்பும் விளக்கெண்ணெய் வாசனையுமாக இருக்கும். அதைக் கல்லில் போட்டு அடித்துத் துவைப்பவள் கங்கம்மா. எவளோ ஒருத்தியின் வண்டி மையைத் தன் கை வலிக்கத் தேய்க்கிறோமே என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டும்.

மரியகுழந்தை அவனை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டாள். அவள் குழந்தை பாக்கியவதியும் மழலையில் "மாமா, மாமா" என்று அவனிடம் கையை நீட்டும். நாலு பேர் எதிரில் அண்ணாதான், ஆளில்லாதபோது என்னவென்று கூப்பிடுவாளோ என்று கங்கம்மா யோசித்தாள். யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசித்தாள்.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா. "இன்னா கங்கம்மா, உன் வூட்டுக்காரரு அந்த வூட்டையே புதுசா கட்டிக் குடுத்துடுவாரு போல கீதே? கதவு இப்ப ஒரு வெரலால தள்ளினா சாத்திக்குதாம்" என்று அவள் சிரித்தாள். கங்கம்மாவும் சிரித்து வைத்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து, ஒரு காரணமும் இல்லாமல் குண்டானை நங்கென்று வைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் தசரதன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"கதவு எத்தினி நாளா ஒரசிகினு கீது? உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"பாக்கலாம்மே. வர்ற வாரம் பாக்கலாம்."

"அவ வூட்டுக் கதவ மட்டும் ஒடனே பாத்த?"

"அவளுக்கு யாரு கீறாங்க? ஒத்தப் பொம்பள. கையில கொழந்த."

"எனக்கு யாரு கீறாங்க?"

"உனக்கு நான் கீறேனே."

"எங்க கீற?" என்றாள் கங்கம்மா. "ஆறு நாளு சுரங்கத்துல கீற. ஏழாம் நாளு அவ கூரைமேல கீற."

தசரதன் சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழுந்தான். "எப்பப் பாத்தாலும் நொய்நொய்னு. அவ்ளோ அவசரம்னா நீயே அடிச்சிக்க. சுத்தி பெட்டியிலதான் கீது."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கங்கம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் ஷிப்டுக்குப் போனதும் சாமான் பெட்டியைத் திறந்தாள். சுத்தி, உளி, ரம்பம், திருப்புளி, ஒரு தகரடப்பா நிறைய ஆணி. இதையெல்லாம் இத்தனை வருஷமாகத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறாளே ஒழிய, ஒன்றையும் கையில் பிடித்து வேலை செய்ததில்லை. கதவுக்கு எதிரில் உட்கார்ந்து மேல்கீலை வெகுநேரம் பார்த்தாள். திருகாணிகள் இருந்தன. ஆனால் விரலால் சுற்றினாலே சுற்றின. திருப்புளியை வைத்துத் திருகியபோதும் சும்மா சுற்றினவே தவிர ஒன்றும் மரத்தைப் பிடிக்கவில்லை. ஆத்திரத்தில் பெரிய ஆணி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் அடித்தாள். நிலைச்சட்டம் மெல்லிசாக விரிசல் விட்டது. பயந்துபோய் ஆணியைப் பிடுங்கிவிட்டாள்.

அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. திருகாணியில் கோளாறு இல்லை. ஓட்டைதான் பெரிசாகிவிட்டது. அரிவாள்மணையில் கத்தி ஆடினால் என்ன செய்கிறோம்? ஒரு மூங்கில் சிம்பைச் சீவிச் செருகுகிறோம். அவள் சுவர்த்தட்டியிலிருந்தே ஒரு சிம்பை உடைத்து, சன்னமாகச் சீவி, ஒவ்வொரு ஓட்டையிலும் இறுக அடித்து, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கினாள். கதவுக்கு அடியில் செங்கல்லைக் கொடுத்து நேராகத் தூக்கி நிறுத்திவிட்டு, திருகாணியை வைத்துத் திருகினாள். இந்தத் தடவை அது கறகறவென்று மரத்தைக் கடித்துக்கொண்டு இறங்கியது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஆனால் செங்கல்லை எடுத்ததும் கதவு தரையைத் தொடாமல் நின்றது. விரலால் தள்ளினாள். மூடிக்கொண்டது. அன்று மத்தியானம் முழுக்க, வெளியே போக ஒரு வேலையும் இல்லாமலே, அவள் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினாள்.

அப்படித் திறந்து மூடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. இது நம்மால் முடிகிறது என்றால் அவளாலும் முடியும். மாட்டையே பூட்டுகிறவள். இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், சுத்தியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக இந்த மனுஷனுக்கு என்ன சாக்கு இருக்கும்?

சாயங்காலம் தசரதன் வழக்கம்போலத் தோளால் கதவை முட்டித் தள்ளினான். கதவு சடாரென்று திறந்துகொள்ள, அவன் தடுமாறி நடுவீட்டில் வந்து நின்றான்.

"கதவு?"

"அடிச்சிகினேன். நீதானே சொன்ன?"

அவன் விளக்கைத் தூக்கிக் கீலைப் பார்த்தான். திருகாணித் தலையை விரலால் தடவினான். விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

அடுத்தது கூரை. நெல் குத்தும் குந்தாணியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றால் தாழ்வாரத் தகரம் எட்டியது. காற்றில் படபடத்துக்கொண்டிருந்த ஒரு தகரத்தை நாலு ஆணி போட்டு இறுக்கினாள். நெளிநெளியான தகரம். மேட்டில் ஆணியை வைத்தால் வழுக்கியது. பள்ளத்தில் வைத்தால் சமர்த்தாக நின்றது. அதனால் பள்ளத்திலேயே அடித்தாள். அந்த வாரமே மழை வந்தது. பழைய ஒழுக்கோடு புதிதாக நாலு ஒழுக்கு, நேராகப் பாயின்மேல்.

தசரதன் அண்ணாந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

"பள்ளத்துலதானேமே தண்ணி ஓடும்? அங்க ஓட்ட போட்டா வூட்டுக்குள்ளதான் எறங்கும். ஆணிய எப்பவும் மேட்டுலதான் அடிக்கணும். வழுக்கும், மொதல்ல ரெண்டு தட்டு மெல்ல தட்டணும்."

"இப்ப இந்த ஓட்டைய இன்னா பண்றது?"

"சாக்குத்துணிய துண்டா கிழிச்சி, தார்ல நனச்சி ஒட்டு. நல்லா வெயில் காயிற நாளா பாத்து ஒட்டு. தகரம் ஈரமா கீதுன்னா தாரு புடிக்காது."

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வண்டிச் சக்கரம் கிறீச்சென்று கத்தினால் என்ன செய்வது என்று கேட்டாள். அவன் ஒரு தடவை அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் அவன் முகமே மாறிவிட்டது. வண்டிக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி, கடையாணியை உருவி, சக்கரத்தை வெளியே இழுக்கவேண்டும். பழைய மையைச் சுத்தமாகத் துடைக்கவேண்டும். துடைக்காமல் மேலேயே பூசினால், மையோடு சேர்ந்த மண் அச்சையே தின்றுவிடும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்தால் நல்ல மை. ஆரக்கால் ஆடினால் ஆணி அடிக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப் போட்டால் மரம் உப்பித் தானே இறுகிக்கொள்ளும். கையை ஆட்டி ஆட்டி அவன் சொன்னான். மழைச் சத்தத்தில் அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குச் சுகமாக இருந்தது. இந்த மனுஷன் இவ்வளவு பேசுவானா?

"இதெல்லாம் சொன்னா மரியகுழந்த கண்ண எடுக்காம கேட்டுகினே இருக்கும்" என்றான் தசரதன்.

 கங்கம்மா எழுந்து போய்ச் சட்டியில் நிறைந்திருந்த மழைத்தண்ணீரை வாசலில் வீசிக் கொட்டினாள்.

மழை விட்டு வெயில் வந்ததும் ஓட்டைகளுக்குத் தார் ஒட்டினாள். அது பிடித்துக்கொண்டதைப் பார்த்தபின் ஒரு நாள் மத்தியானம், தண்ணீர் வண்டி திரும்பும் நேரமாகப் பார்த்து மரியகுழந்தை வீட்டுக்குக் கிளம்பினாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் கட்டிக்கொண்டே போனாள். 'இந்தாம்மா, இதெல்லாம் நமக்கே முடியும். நான் காட்டித் தரேன். இனிமே எங்க வூட்டுக்காரரக் கூப்புடாத.' இதை எந்தக் குரலில் சொல்வது என்பதுதான் முடிவாகவில்லை.

அங்கே போனால், வண்டி ஒரு பக்கம் கட்டைமேல் முட்டுக் கொடுத்து நின்றது. சக்கரம் முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. மரியகுழந்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடையாணியைப் பல்லில் கடித்தபடி, அச்சிலிருந்து பழைய மையைக் கந்தலால் வழித்துக்கொண்டிருந்தாள். வழித்து, துடைத்து, பக்கத்தில் இருந்த கொட்டாங்கச்சியிலிருந்து புது மையை அள்ளிச் சுற்றிலும் பூசி, முழங்காலால் ஒரு தள்ளு. சக்கரம் உள்ளே போயிற்று. பல்லிலிருந்த ஆணியை எடுத்துச் செருகினாள். பார்த்துக்கொண்டிருந்த கங்கம்மாவுக்கு வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த பேச்சு மறந்தே போயிற்று.

"உனக்கு இது தெரியுமா?"

மரியகுழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். "வாங்கக்கா. எங்க வூட்டுக்காரரு இருக்கும்போதே நான்தான் போடுவேன். அவருக்கு இடுப்பு புடிச்சிக்கும், குனிய முடியாது."

"கூரைக்குத் தார் ஒட்டறது?"

"அதுவும் தெரியும்க்கா."

"அப்புறம் எதுக்கு எங்க வூட்டுக்காரர வாரா வாரம் வரவைக்கற?"

கேட்டுவிட்டாள். மரியகுழந்தை கந்தலில் கையைத் துடைத்தாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கக்கா" என்றாள். உள்ளே குழந்தை பழம்புடவை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வாசு மேஸ்திரிய உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? லைன் வீட்டை யாருக்குக் கொடுப்பது, யாரைக் கிளப்புவது என்பதெல்லாம் அந்த ஆள் கையில். அல்பாக்காத் துணிக் கோட்டும் கைப்பிரம்புமாக வருவான்.

"எங்க வூட்டுக்காரரு போன மறுமாசமே அந்த மேஸ்திரி வந்தான். உன் புருஷன் இல்ல, நீ வூட்டக் காலி பண்ணணும்னான். அப்புறம், நான் மனசு வச்சா நீ இருக்கலாம்னான். ஞாயித்துக்கிழம மாதா கோயில்ல பூச முடிஞ்சி நான் வூட்டுக்கு வர்ற நேரமா பாத்து வருவான். உக்காந்தா எழுந்திருக்க மாட்டான். ஒரு ஞாயிறு, காத்துல பறந்துகினு இருந்த தகரத்தப் பாத்துட்டு அண்ணா தானாவே ஏறி அடிச்சிகினு இருந்தாரு. அந்தச் சத்தத்தக் கேட்டு வாசு மேஸ்திரி அப்டியே திரும்பிப் போயிட்டான். அன்னிக்கித்தான் எனக்குத் தோணுச்சி. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் எதாவது ஒண்ண நானே கழட்டி வச்சிடுவேன்."

"நீயே கழட்டுவியா?"

"கதவுல திருகாணிய நான்தான் எடுத்தேன்" என்று மரியகுழந்தை தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணாகிட்ட விசயத்தச் சொல்லல. சொன்னா அவனப் போயி அடிச்சிடுவாரு. அவருக்கும் வேல போயிடும்."

கங்கம்மாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த மேஸ்திரிமேலா, இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொல்லாத இவள்மேலா, தகரம் பறந்ததும் கூப்பிடாமலே ஏறிய தன் புருஷன்மேலா?

"என் மனசுல ஒண்ணும் இல்லக்கா. மாதா மேல ஆணை" என்றாள் மரியகுழந்தை. கொஞ்சம் பொறுத்து, "அண்ணா மனசுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. அத நீங்கதான் பாக்கணும்" என்றாள்.

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று கங்கம்மாவுக்குத் தோன்றியது. சொல்லாததனாலேயே அவளை நம்பவும் தோன்றியது.

"இந்த வாரம் எதக் கழட்டி வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"கூரையில ஒண்ணக் கழட்டு. ஞாயித்துக்கிழம நான் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை தசரதன் பல் விளக்கிவிட்டுச் சாமான் பெட்டியைத் துழாவினான். "சுத்தி எங்கமே?"

"என் கையில. நீ இன்னிக்கி வூட்ல இரு. நான் போறேன்."

"எங்க?"

"மரியகுழந்த வூட்டுக்கு. கூரையில வேல கீது."

 அவள் ஆணி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மரியகுழந்தை கோயிலிலிருந்து வந்து குழந்தையை ஏணையில் போட்டுவிட்டு முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, வாசு மேஸ்திரி வந்துவிட்டான். கூரையின் பின்பக்கச் சரிவில் உட்கார்ந்திருந்த கங்கம்மாவை அவன் பார்க்கவில்லை. தெருவில் நின்றபடியே, "இன்னா மரியகுழந்த, இன்னிக்கி உங்கண்ணன் வரல போல கீதே?" என்று குழைந்தான்.

கங்கம்மா ஆணியை மேட்டில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். தகரம் அதிர்ந்த அதிர்ச்சியில் ஏணைக் குழந்தை வீரிட்டது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தான்.

"யாரு மேல?"

"நான்தான் மேஸ்திரி, தசரதன் சம்சாரம். இன்னா விசயம்?"

"ஒண்ணும் இல்ல. வூட்டு விசயமா ஒரு வார்த்த..."

டமார், டமார். அவன் பேச வாயெடுத்தபோதெல்லாம் அவள் அடித்தாள். அவன் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிட்டு, "சொல்லுங்க மேஸ்திரி" என்பாள். அவன் ஆரம்பித்ததும் மறுபடி டமார். வரிசையில் இருந்த கதவெல்லாம் திறந்தன. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த ஆண்களும் பெண்களும் தலையை நீட்டினார்கள். பாப்பம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். இத்தனை கண்ணுக்கு நடுவில் குழைந்து பேச முடியுமா? மேஸ்திரி பிரம்பால் தன் காலையே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டினான். கங்கம்மா இன்னும் ஓர் ஆணியை எடுத்து அடித்தாள். கீழே மரியகுழந்தை முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

இதைப் பாப்பம்மா தசரதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எப்படி? "உன் பொண்டாட்டி கூரைமேல நிக்கறா. வாசு மேஸ்திரி கீழ நின்னு அண்ணாந்து பாத்துகினு கீறான். ரெண்டு பேருக்கும் இன்னா பேச்சோ!"

தசரதன் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள், கேட்டுவிட்டான்.

"அந்த மேஸ்திரி எதுக்கு அங்க நின்னுகினு இருந்தான்?"

"பாத்துகினு இருந்தான்."

"இன்னாத்த?"

"நான் ஆணி அடிக்கறத."

அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதம் அவள் வயிற்றில் எரிந்தது இப்போது அப்படியே அவன் முகத்தில் எரிந்தது. அது அவளுக்கு வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டதுபோல இனித்தது. சொல்லிவிட ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. எரியட்டும், எனக்கு எரியவில்லையா என்று விட்டுவிட்டாள். அவன் குழம்பில் உப்பில்லை என்றான். உப்பு இருந்தது. கூரைமேல் ஏறும் பொம்பளையை ஊரில் யாராவது பார்த்ததுண்டா என்றான். வண்டி ஓட்டும் பொம்பளையைப் பார்க்கவில்லையா என்றாள். அன்று ராத்திரி அவன் புரண்டு புரண்டு படுக்க, அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தவனின் இடதுகைக் கட்டைவிரல் கந்தலில் சுற்றியிருந்தது. துணியெல்லாம் ரத்தம். முட்டுக்கட்டைக்கு ஆப்பு அடிக்கும்போது சுத்தி விரல்மேல் விழுந்துவிட்டது. தசரதன் கை தவறியது என்றால் ஷிப்டில் ஒருத்தரும் நம்பவில்லையாம்.

கங்கம்மாவுக்கு வாயில் இருந்த வெல்லம் அந்த நிமிஷமே கசந்துவிட்டது. சுரங்கத்துக்குள் நினைப்பு ஓரிடம் கை ஓரிடம் என்று இருந்தால் விரலோடா போகும்? வெந்நீர் வைத்து விரலைக் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி வருவதை, மரியகுழந்தை தானே திருகாணியைக் கழற்றியதை, எல்லாவற்றையும்.

அவள் கட்டுப்போட்டு முடிக்குமுன்னே அவன் எழுந்தான். "அந்த நாய..."

"உக்காரு. நீ அடிச்சின்னா உன் வேலயும் போவும், அவ வூடும் போவும். அவனுக்கு சுத்தி சத்தமே போதும். அத நான் பாத்துக்கறேன்."

அவன் உட்கார்ந்தான். விரலை மறுபடி அவளிடம் நீட்டிக்கொண்டே, "என்னிய முட்டாளா வச்சிருந்தாங்க" என்றான். சொன்ன குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

"நீ எதுக்குய்யா போன? அவ கூப்புடறதுக்கு முன்னாலயே போனியாமே?"

அவன் கட்டுப்போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க ஒரு ஆணி அடிச்சா, நல்லா கீதுண்ணான்னு சொல்லும். நம்ம வூட்ல ஒண்ணு செஞ்சா இன்னொண்ண ஏன் செய்யலன்னு நீ கேப்ப."

"அவ்ளோதானா?"

"அந்தக் கொழந்த மாமான்னு கையத் தூக்கும்."

கங்கம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அது தூண்ட வேண்டிய நிலையில் இல்லை.

"அவ்ளோதானா?" என்றாள் மறுபடியும்.

"அவ்ளோதான்" என்றான். சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன இருந்தது என்று தோண்டிப் பார்க்க அவளுக்கு ஆசைதான். தோண்டவில்லை. "என் கதவு நல்லா கீதுன்னு நீயும்தான் ஒரு வார்த்த சொல்லல" என்று மட்டும் சொன்னாள். அவன் திரும்பிக் கதவைப் பார்த்தான். "ஓட்டைக்கு சிம்பு வச்சது யாரு சொல்லிக் குடுத்தா? நான் சொல்லலியே" என்றான். "நல்ல வேல."

விரல் ஆறும்வரைக்கும் அவனால் ஆணி பிடிக்க முடியவில்லை. ஞாயிறுகளில் இரண்டு வீட்டுக் கூரைமேலும் கங்கம்மாதான். பறந்த தகரம், துருப்பிடித்த ஓட்டை, பீப்பாய்க்கு இறுக்க வேண்டிய வளையம் என்று வேலைக்குக் குறைவில்லை. வாசு மேஸ்திரி இரண்டு தடவை தெருமுனைவரைக்கும் வந்து, சத்தத்தைக் கேட்டுத் திரும்பினான். மூன்றாம் தடவை வரவில்லை. அவனுக்கு வேறு எங்கேயாவது கதவு திறந்ததோ என்னவோ, மரியகுழந்தையை வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வரிசையில் மற்ற பெண்களும், "எங்க வூட்டு ஒழுக்கையும் கொஞ்சம் வந்து பாரேன்" என்று கங்கம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் போய்ப் பார்த்தாள். ஆனால் செய்து கொடுக்கவில்லை. சுத்தியை அவர்கள் கையில் கொடுத்து, எங்கே அடிக்கவேண்டும் என்று மட்டும் காட்டினாள். பாப்பம்மாகூட ஒரு நாள் விரலை நசுக்கிக்கொண்டாள்.

கங்கம்மாவும் மரியகுழந்தையும் உயிருக்குயிரான சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வண்டிக்கு மை போடக் கங்கம்மா அவளிடம்தான் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டபோதும், முழங்காலால் சக்கரத்தைத் தள்ளும் அந்த லாகவம் தனக்கு வரவில்லையே என்று பொறாமைப்பட்டாள்.

விரல் ஆறிவந்த சமயம் ஒரு ஞாயிறு, மரியகுழந்தை வீட்டுக் கூரையில் கங்கம்மா ஒரு பெரிய பொத்தலுக்குத் தார்ச்சாக்கை ஒட்டி அழுத்திக்கொண்டிருந்தாள். கீழே ஏணியருகே தசரதன் நின்றான். பாக்கியவதி அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். மரியகுழந்தை வெளியே வந்து வெயிலை மறைக்கக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லா கீதுண்ணா" என்றாள், பழக்கத்தில்.

"ஒட்டினது நான்" என்று கூரைமேலிருந்து குரல் வந்தது.

மரியகுழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நல்லா கீதுக்கா."

"ம்" என்றாள் கங்கம்மா. அப்புறம் கீழே எட்டிப் பார்த்து, "யோவ், கொழந்தைய அவங்கம்மாகிட்ட குடுத்துட்டு ஏணியப் புடி. நான் எறங்கணும்" என்றாள்.

தசரதன் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்தான்.